கேம்பர் கூரையில் சோலார் பேனல்: எடை கூடாமல் பலம் சேர்க்க

கேம்பருக்கு, அதாவது தங்கிக்கொண்டே பயணிக்கும் வண்டிக்கு, சொந்தமாகக் கூரை போடுகிறீர்களா? சோலார் பேனலைத் தாங்க வேண்டுமே என்று தடிமனான பிளைவுட்டைத் தேட வேண்டாம். 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான பாலிஸ்டைரீன் நுரை) பலகையின் இருபுறமும் 3 மி.மீ. பிளைவுட்டை ஒட்டினால் போதும், எடை குறைவு, விறைப்பு அதிகம். பசை மட்டும் எல்லா இடத்திலும் படர வேண்டும். காயும்வரை மேலே பாரம் வையுங்கள். ஒட்டாத இடம்தான் முதலில் வளையும்.

ஃபோமில் ஸ்க்ரூ நிற்காது. அதனால் பேனலின் கால்கள் உட்காரும் இடங்களில் ஃபோமை வெட்டிவிட்டு மரச்சட்டம் பதியுங்கள். இதை ஒட்டுவதற்கு முன்பே அளந்து முடிவு செய்துவிடுவது நல்லது. 100 வாட் கண்ணாடிப் பேனல் சுமார் 6 முதல் 8 கிலோதான். எனக்கு அதன் எடையைவிட, வண்டி ஓடும்போது காற்று அதைத் தூக்குவதுதான் பெரிய கவலை. ஆகவே ஸ்க்ரூவை நம்பாமல், அகல வாஷரோடு போல்ட்டை ஊடுருவ விட்டு முடுக்குங்கள்.

பேனலுக்கு அடியில் 3 செ.மீ. இடைவெளியாவது விடுங்கள். சூடேறினால் மின்சாரம் குறையும்.

அப்புறம், மேலே ஃபைபர்கிளாஸ் போடுவதானால் அதை ஒட்ட எபாக்ஸி ரெசின்தான். பாலியஸ்டர் ரெசின் பட்டால் இந்த ஃபோம் கரைந்துவிடும்.