கதை எழுதத் தொடங்குபவருக்குச் சில கலைச்சொற்கள்: ஒரு சைக்கிள் கதையை வைத்து

கதை எழுதத் தொடங்கும் நண்பர்கள் படித்துப் பார்க்கச் சொல்லி முதல் பிரதியைத் தருவார்கள். சம்பவம் நன்றாக இருக்கும், மொழியும் நன்றாக இருக்கும். ஆனாலும் கடைசியில் "ஏதோ குறையுதே" என்பதோடு பேச்சு நின்றுவிடும். குறை எந்த இடத்தில் என்று சுட்டிக்காட்டத்தான் கலைச்சொற்கள் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே சிறுகதையை வைத்துப் பார்த்துவிடலாம். 52 வயது அம்மா ஒருவர், கல்லூரியில் படிக்கும் மகனிடம் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரச் சொல்கிறார். இப்போதைக்கு அவ்வளவுதான். நீங்களும் உங்கள் கதை ஒன்றை நோட்டில் வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

படி 1: கதை, கதைப்பின்னல்

"அம்மா சைக்கிள் கற்றுத்தரச் சொன்னாள். மகன் கற்றுக்கொடுத்தான். அவள் விழுந்தாள். பிறகு ஓட்டினாள்." இது கதை. நடந்தவை நடந்த வரிசையில் இருக்கின்றன.

"அப்பா போய் ஆறு மாதமாக அவருடைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதை விற்றுவிடலாம் என்று மகன் சொன்ன அன்றுதான், எனக்கு ஓட்டக் கற்றுக்கொடு என்றாள் அம்மா." இது கதைப்பின்னல். ஒன்று நடந்ததால் இன்னொன்று நடக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் நாவல் பற்றி ஆற்றிய உரைகளில் இதை எளிமையாகப் பிரித்துக்காட்டினார்: கதை என்றால் "அப்புறம்?" என்று கேட்போம், பின்னல் என்றால் "ஏன்?" என்று கேட்போம்.

உங்கள் கதையின் நிகழ்ச்சிகளை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். இரண்டு வரிகளுக்கு நடுவில் "அதனால்" அல்லது "ஆனால்" பொருந்துகிறதா என்று பாருங்கள். "அப்புறம்" மட்டுமே பொருந்துகிற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் மூன்று நான்கு தொடர்ந்து வந்தால், அந்தப் பகுதியைத் திரும்ப யோசிக்க வேண்டும்.

படி 2: பாத்திரம், முரண்

பாத்திரம் என்றதும் பெயர், வயது, உயரம், நிறம் என்று நிரப்பத் தோன்றும். அதற்குமுன் இரண்டு கேள்விகள்: இவருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? இந்த இழுபறிக்குத்தான் முரண் என்று பெயர். வெளியிலிருந்து தடை வந்தால் புறமுரண்; மனத்துக்குள்ளேயே இருந்தால் அகமுரண்.

நம் கதையில், கல்யாணமான புதிதில் அம்மா சைக்கிள் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறாள். "உனக்கு எதுக்கு?" என்று கேட்டவர் அப்பா. இன்று அவருடைய வண்டியிலேயே ஏறும்போது மனத்தில் எழுவது விடுதலையா குற்றவுணர்வா என்று அவளுக்கே தெரியவில்லை. இது கிடைத்துவிட்டால், அவள் உயரம் என்ன என்பதைச் சொல்லாமலேகூட விட்டுவிடலாம்.

படி 3: பார்வைக் கோணம்

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். தொடக்க எழுத்தாளர்களின் பிரதிகள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். ஒரே நொடியை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

தன்மையில், மகன் சொல்வதாக: "கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. பயம்போல."

படர்க்கையில், அம்மாவின் மனத்தை ஒட்டி: "பின்னால் அவனுக்கு மூச்சிரைப்பது கேட்டது. திரும்பினால் முகத்தைப் பார்த்துவிடுவான். ஹேண்டில்பாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்."

எல்லாம் அறிந்த கதைசொல்லி: "அவன் அதைப் பயம் என்று நினைத்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். இதே வண்டியை ஓட்டியபடி அவரும் ஒருநாள் அழுதிருக்கிறார் என்பது இருவருக்குமே தெரியாது."

மூன்றும் மூன்று கதைகளாக ஆகிவிட்டதைக் கவனியுங்கள். முதலாவதில் மகனுக்குப் புரியாதது வாசகருக்கு மெல்லப் புரிகிறது. அவன் பொய் சொல்லவில்லை, பார்க்கத் தெரியவில்லை. சொல்பவரின் வார்த்தையை வாசகர் அப்படியே ஏற்க முடியாத இத்தகைய நிலையை நம்பத்தகாத கதைசொல்லி என்பார்கள். அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத் 1961இல் வழக்குக்குக் கொண்டுவந்த சொல் இது. மூன்றாவதில் விரிவு உண்டு, ஆனால் நெருக்கம் குறைகிறது. இந்தக் கதைக்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

வழக்கமான தவறு என்னவென்றால், மகன் சொல்லும் கதையில் திடீரென்று "அம்மாவுக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது" என்று எழுதிவிடுவது. அவனுக்கு அது எப்படித் தெரியும்? உங்கள் பிரதியில் ஒரு பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் யார் மனத்திலிருந்து வருகிறது என்று வண்ணப் பென்சிலால் கோடிடுங்கள். காரணமில்லாமல் நிறம் மாறும் இடங்களைத் திருத்துங்கள்.

படி 4: களமும் பொழுதும்

தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் முதல், கரு, உரி என்று மூன்றைச் சொல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம், தொழில் போன்றவை கருப்பொருள். பிரிதல், இருத்தல், ஊடல் போன்ற ஒழுக்கங்கள் உரிப்பொருள். இன்று "கதையின் கருப்பொருள் என்ன?" என்று கேட்கும்போது நாம் அதன் மையச் சிந்தனையைக் கேட்கிறோம். ஒரே சொல், இரண்டு பொருள். பழைய இலக்கணத்தையும் புதிய விமர்சனத்தையும் சேர்த்துப் படிப்பவர்கள் இங்கே குழம்புவது இயல்பு.

இடமும் நேரமும் முதலில் வருவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சைக்கிள் பழகுவது மாலை ஐந்து மணிக்கு, ஆட்கள் நடமாடும் தெருவிலா? விடிவதற்கு முன், ஆளில்லாத மைதானத்திலா? இரண்டாவதைத் தேர்ந்தால், யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற அவள் தயக்கத்தைத் தனியாக எழுத வேண்டியதே இல்லை.

படி 5: உரையாடலும் உட்பொருளும்

பாத்திரங்கள் மனத்தில் இருப்பதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டால் வாசகருக்கு வேலையில்லை.

"சீட்டை இறக்கட்டுமாம்மா? உனக்குக் கால் எட்டாது."

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

அந்த உயரத்தை வைத்தவர் அப்பா. அதை யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்பதுதான் உட்பொருள்.

படி 6: உவமை, படிமம், குறியீடு

ஒன்றை இன்னொன்றைப் போல என்பது உவமை. புலன்களில் பதியும்படி எழுதப்பட்ட காட்சி படிமம். கதைக்குள் இருக்கும் பொருள் தன்னைத் தாண்டிய அர்த்தத்தையும் சுமக்கத் தொடங்கினால் அது குறியீடு. குறியீட்டைத் தேடி வெளியே போக வேண்டாம், எழுதியதிலேயே இருக்கும். நம்மிடம் அந்த சீட் இருக்கிறது. முதல் நாள் ஒருமுறை வந்தது. இரண்டாம் நாள் அவள் எட்டாத காலோடு விழும்போது இன்னொரு முறை வரட்டும், விளக்கமில்லாமல். அப்புறம் ஒரு விடிகாலை, மகன் எழுவதற்குள் அவள் வண்டியருகே உட்கார்ந்திருக்கிறாள்.

"ஸ்பேனர் எங்கடா வச்சிருக்கே?"

முரண் அதன் உச்சத்தைத் தொட்டு இளகும் இடம் அதுதான். கதையை அங்கேயே நிறுத்திவிடலாம். அவள் ஓட்டிப்போவதைக் காட்ட வேண்டுமா என்பதை எழுதிப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

முதல் பிரதியை எழுதும்போது இந்தச் சொற்களில் ஒன்றையும் நினைக்காதீர்கள். எழுதி முடித்து ஒரு வாரம் கழித்து எடுங்கள். முதலில் மூன்றாம் படியின் வண்ணப் பென்சில், அடுத்து முதல் படியின் புள்ளிகள், மற்றவை பிறகு.