மல்லாட்டையில் (நிலக்கடலையில்) பொக்கு விழுகிறதா? ஜிப்சம் போடும் முறை

செடி தளதளவென்று நிற்கும், பிடுங்கினால் காயும் கொத்தாக வரும். உடைத்துப் பார்த்தால் பருப்பு இருக்காது, அதுதான் பொக்கு. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் மணல் கலந்த செம்மண் கொல்லையில் மானாவாரி மல்லாட்டை போடுகிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புதிதல்ல.

காரணம் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) பற்றாக்குறை. அதைக் கொடுக்கத்தான் ஜிப்சம். வேர் உறிஞ்சுகிற சுண்ணாம்பு தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடும், திரும்ப இறங்கிக் காய்க்கு வராது. விழுதும் (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற காம்பு) இளங்காயும் தங்களுக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாகத்தான் எடுக்கும். அதனால் எவ்வளவு போட்டோம் என்பதோடு எங்கே விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

உழவு, விதைநேர்த்தி, முதல் களை எல்லாம் தெரிந்த வேலை. விதைத்த 40ஆம் நாளிலிருந்து தொடங்குவோம்.

1. சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கிடக்கிற மண்ணா என்று பாருங்கள். சுக்கான் மண்ணுக்கு ஜிப்சம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, மண் பரிசோதனை செய்துவிடுங்கள்.

2. ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ, அதாவது செண்டுக்கு 1.6 கிலோ. மழைக்காலத்தில் அடுக்கி வைத்த மூட்டை கட்டி தட்டியிருக்கும். உடைத்து, சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். குருணையைவிடத் தூள்தான் மானாவாரிக்கு நல்லது, சீக்கிரம் கரையும்.

3. பலர் கோட்டை விடுவது இங்கேதான். யூரியா வீசுவதுபோல் வீசினால் ஒரு பக்கம் குவியும், ஒரு பக்கம் வெறும் மண்ணாக இருக்கும். சாலுக்குச் சால் (வரிசைக்கு வரிசை) ஒரு அடி இருந்தால் 10 மீட்டர் சாலுக்கு 120 கிராம் கணக்கு. தொங்கு தராசில் ஒரு முறை 120 கிராம் நிறுத்து, ஒரு டப்பாவில் கொட்டி, மட்டத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவுக்கு 10 மீட்டர். நாலைந்து சாலுக்குப் பிறகு கை தானே பழகிவிடும். பனி காய்ந்த பிறகு போடுங்கள். ஈர இலையில் ஒட்டினால் அடுத்த மழை வரை அங்கேயேதான் இருக்கும். விழ வேண்டிய இடம் செடியின் இரு பக்கமும், விழுது இறங்குகிற அந்த நாலு விரல் அகலம்.

4. அன்றைக்கே களைக்கொத்தால் லேசாகக் கொத்தி மண் அணையுங்கள். பவர் வீடரை இந்த நேரத்தில் உள்ளே விடாதீர்கள், இறங்கின விழுது அறுந்துவிடும். மண்ணைத் தண்டின் மேலேயே குவித்து மூடினால் தண்டழுகல் வரும். விழுது இறங்கி முடிந்தபின் கொல்லையில் கொத்தே கூடாது.

ஈரம் இல்லாமல் போட்டுப் பயனில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் கரையும். போட்டது கரைய 20 மில்லிமீட்டர் மழையாவது வேண்டும். 45ஆம் நாள் மண் காய்ந்து கிடந்தால் மழைக்குக் காத்திருங்கள். மானாவாரியில் 75 நாள் வரை போடலாம், ஆனால் முந்தினால் நல்லது.

பிறகு சேர்த்தது: “அடியுரமாக டிஏபி போட்டாச்சே, போதாதா?” என்று கேட்கிறார்கள். டிஏபி உரத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான், சுண்ணாம்புச் சத்து கிடையாது. சூப்பர் பாஸ்பேட்டில் உண்டு, ஆனால் விதைப்பில் போட்டது மணல்சாரி மண்ணில் காய் பிடிக்கும்வரை மேலே நிற்காது. இன்னொன்று, காய் பிடிக்கிற நேரத்தில் பொட்டாஷ் தூவாதீர்கள். அது சுண்ணாம்போடு போட்டி போட்டுப் பொக்கைக் கூட்டும்.

ஜிப்சம் போட்டும் பருப்பு சரியில்லை என்றால் பத்துப் பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். நுனியில் இருக்கும் முளைக்குருத்து கறுத்திருந்தால் சுண்ணாம்பு இன்னும் பற்றவில்லை. குருத்து வெள்ளையாக இருந்து, பிளந்த உட்பக்கம் பழுப்பேறிக் குழிந்திருந்தால் அது போரான் குறை. அதற்கு எத்தனை மூட்டை ஜிப்சம் கொட்டினாலும் சரியாகாது, வெண்காரம்தான் (போராக்ஸ்) போட வேண்டும்.