மாமி வீட்டுச் சோறும் காலை நடையும்: புதுமணத் தம்பதியருக்கு

வாகரையிலிருந்து பொத்துவில் வரையான நமது கிழக்கிலங்கைக் கரையோரத்துத் தமிழ்க் குடும்பங்களில், கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவதே இன்றும் பெருவழக்காக உள்ளது. வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். மாமனும் மாமியும் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். புதுத் தம்பதியர் தனியாக அடுப்பு மூட்டும் காலம் வரும்வரை சமையல் மாமியின் கையில்தான் இருக்கும். ஆகவே, கலியாணத்துக்கு முன்பு ஒழுங்காக ஓடி, அளவாகச் சாப்பிட்டு உடம்பைப் பேணி வந்த ஒருவர், தனக்கு உரிமையில்லாத ஒரு சமையலறையின் முன்னால் வந்து அமர்கிறார். தனக்கு வேண்டியதைத் தானே சமைத்து உண்ணுங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை இவருக்குப் பயன்படாது. கலியாணம் முடித்து ஒரு வருடத்துக்குள் காற்சட்டை இறுகிப் போவதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. தட்டில் என்ன விழுகிறது என்பதை வேறொருவர் தீர்மானிப்பது அதைவிடப் பெரிய காரணம். எனவே மாற்றத்தைத் தட்டில் தொடங்காமல், தட்டுக்கு இரண்டு படி முன்னால் தொடங்க வேண்டும்.

முதலில் விருந்துக் காலம். கலியாணம் முடிந்த முதல் இரண்டு மூன்று மாதங்களில் பெரியப்பா வீடு, சித்தி வீடு, மாப்பிள்ளைத் தோழன் வீடு என்று அழைப்புகள் தொடர்ந்து வரும். அவற்றைத் தட்டிக் கழிப்பது முறையுமல்ல, தேவையுமல்ல. அந்த மாதங்களில் நிறையைக் குறைக்கும் எண்ணத்தை ஒத்தி வைத்துவிட்டு, கூடாமல் பார்த்துக்கொள்வதை மட்டும் இலக்காக வைத்துக்கொண்டால் மனமும் நோகாது, உறவும் நோகாது. ஒரே நாளில் இரண்டு வீடுகளுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் மத்தியானச் சோறு, மற்ற வீட்டில் வேறொரு நாள் மாலைத் தேநீர் என்று பிரித்துக் கேட்டால் யாரும் குறை சொல்வதில்லை. விருந்துள்ள நாளில் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது பலரும் செய்வது. அது பெரும்பாலும் எதிராகவே முடிகிறது. பசியோடு உட்கார்ந்தவருக்கு இரண்டாம் சோறு எப்படி உள்ளே போனதென்று தெரியாது. ஒரு முட்டையும் சிறிது கடலையும் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

பந்தியில் உட்கார்ந்த பிறகு நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நமது ஊரில் "வேண்டாம்" என்ற சொல்லை மூன்று முறை சொன்னாலும் அது மரியாதைக்குச் சொல்லப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். "கொஞ்சம் போடுறன் மகன்" என்ற குரலும் அகப்பையும் ஒன்றாகவே வந்து சேரும். அகப்பை மதிப்பது உங்கள் சொல்லையல்ல, தட்டில் இருக்கும் இடத்தை. வெறுமையான தட்டைக் கண்டால் அது நிரப்பும்; பாதி நிறைந்திருக்கும் தட்டைக் கண்டால் அடுத்தவரிடம் போகும். ஆகையால் முதலில் சோற்றைச் சிறிதாக வாங்கி, கீரைச் சுண்டலையும் மரக்கறியையும் தாராளமாக வைத்து, மீனையோ இறாலையோ எடுத்துக்கொண்டு, மெதுவாகச் சாப்பிடுங்கள். கடைசிப் பிடிச் சோற்றை மற்றவர்கள் எழும்பும்வரை தட்டிலேயே வைத்திருங்கள். சோடாப் போத்தலை எடுக்குமுன் அதிலுள்ள நிற வட்டத்தைப் பாருங்கள். இலங்கையில் 2016 முதல் குளிர்பானங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட முறை இது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை இருந்தால் செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவாக இருந்தால் பச்சை. சிவப்பு வட்டமிட்ட 250 மில்லிலீற்றர் போத்தலில் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சீனி இருக்கும். சட்டித் தயிரை மறுக்க வேண்டியதில்லை. அதன்மேல் ஊற்றும் பாணியை மட்டும் நீங்களே அளவாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

விருந்துகள் ஓய்ந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அது பேச்சு வேலை. மாமி சமைத்ததைப் பார்த்து "எண்ணெய் கூட", "தேங்காய்ப்பால் கூட" என்று மருமகன் சொன்னால், அவர் சொன்னது உடல்நலத்தைப் பற்றி என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். சமையலைக் குறை சொன்னதாகவே அது அடுத்த வளவு வரை போகும். மறுப்பதைவிடக் கேட்பது எளிது என்பது இங்கே உதவும் முதல் விதி. முருங்கையிலைச் சுண்டல் நன்றாக இருந்தது என்று ஒரு முறை மனதாரச் சொல்லிப் பாருங்கள், இரண்டு நாளைக்கு ஒரு முறை அது மேசைக்கு வரும். பொரித்த மீனை வேண்டாமென்று சொல்வதற்குப் பதிலாகப் புளியாணம் (புளி கரைத்து வைக்கும் குழம்பு) வைக்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டாவது விதி, இந்தப் பேச்சை அந்த வீட்டுப் பிள்ளையே பேச வேண்டும் என்பது. தாயிடம் மகள் சொல்வது குறையாகப் படாது. ஆகவே, கணவனும் மனைவியும் முதலில் தங்களுக்குள் பேசி, எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்துக்கொண்டு, பிறகு மனைவி தன் தாயிடம் பேசட்டும். பெண் மாமியார் வீட்டுக்குப் போகும் குடும்பங்களில் இதே பொறுப்பு மகனுடையது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றக் கேட்கக் கூடாது. மூன்று விடயங்கள் போதும், அவற்றை நான் இப்படித் தெரிவுசெய்வேன்.

சீனிதான் முதலாவது. நாளொன்றுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டால் சுமார் 40 கிராம் சீனியும் 160 கலோரியும் எந்த வயிறும் நிறையாமல் உள்ளே போகின்றன. 2000 கலோரி உண்ணும் ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள் வைத்திருக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தேநீரிலேயே அதன் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்றால், மாலையில் மிக்சரோடும் தொதலோடும் உட்காருவதற்கு இடமே இல்லை. இரண்டு கரண்டியை ஒன்றாக்குங்கள். ஒரு சில வாரங்களில் பழைய தேநீர் திகட்டத் தொடங்கும்.

இரண்டாவது தேங்காய்ப்பாலும் எண்ணெயும். பாலாணம் (தேங்காய்ப்பால் குழம்பு) இல்லாத மட்டக்களப்புச் சமையலை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்க மாட்டேன். ஆனால் ஒரே வேளையில் மூன்று கறிகளும் முதற்பாலில் கிடக்க வேண்டிய அவசியமில்லை. ஒன்று முதற்பாலில், மற்றது இரண்டாம் பாலில், மூன்றாவது சுண்டலாக அல்லது புளியாணமாக இருக்கலாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. எழுபது கிலோகிராம் நிறையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்து செலவிடுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிறையைத் தீர்மானிப்பதில் பாதைக்கு இருப்பதைவிட அடுப்புக்கே பங்கு அதிகம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். நடை வேறு பல நன்மைகளைத் தருகிறது, நிறையை மட்டும் அதன் தலையில் சுமத்தக் கூடாது.

மூன்றாவது சோற்றின் அளவு. அரிசியைக் கைவாக்கில் போடாமல் சுண்டு என்னும் அளவுப் பாத்திரத்தால் அளந்து போடும் வழக்கம் ஏற்கெனவே பல வீடுகளில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் கூடியதும் அளவும் கூடும். மாப்பிள்ளைக்கென்று ஒரு சுண்டு சேரும். அந்தச் சேர்ந்த சுண்டை மறுபடி பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்பையோ மீனையோ வைத்தால் போதுமானது. தவிடு முழுதும் போகாத சிவப்பு நாட்டரிசி கிடைக்கும் வீட்டில் அதையே கேளுங்கள். நார்ச்சத்து கூடுதலாக உள்ளதால் பசி சற்று தாமதித்து வரும். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்கள் புரத மாப்பொடி டின்களுக்குப் பணம் கொடுக்குமுன் நம் சந்தையைப் பார்க்கட்டும். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதமும் ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும் உள்ளன. வாவியும் கடலும் இரு பக்கமும் உள்ள ஊரில் புரதத்துக்குத் தட்டுப்பாடு என்று சொல்வது பொருந்தாது. வெள்ளிக்கிழமை மரக்கறி உண்ணும் வீடுகளில் பருப்பு, கௌபி, கடலை, தயிர் ஆகியவை அந்த இடத்தை நிரப்பும்.

இனி உடற்பயிற்சி. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாட்களாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்பது தாளில் எளிது. கல்லடிக் கடற்கரையிலோ, காந்திப் பூங்காவின் வாவியோரத்திலோ, காரைதீவு, திருக்கோவில் கடற்கரைகளிலோ விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்த்தால் பெரும்பாலோர் ஆண்கள். பெண்ணுக்கு ஆர்வமில்லை என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. உண்மையில் ஐந்தரை மணிக்கு அவள் வாசல் கூட்டுகிறாள், தேங்காய் துருவுகிறாள், கணவனின் மத்தியானச் சோற்றுப் பார்சலைக் கட்டுகிறாள், அதற்குப் பிறகு தானும் வேலைக்குப் போகிறாள். மனைவியும் தன்னோடு நடக்க வரவேண்டும் என்று விரும்பும் கணவர் முந்தைய நாள் இரவே தேங்காயைத் துருவி வைக்கட்டும், மரக்கறியை வெட்டி வைக்கட்டும், வாரத்தில் இரண்டு நாள் காலைச் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளட்டும். மருமகன் திருவலையில் உட்காருவதைக் கண்டு மாமி பதறலாம். அந்தப் பதற்றம் ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்காது.

இருவரும் சேர்ந்தே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற ஆசை புதுமணக் காலத்தில் இயல்பானது. ஆனாலும் ஒருவரின் வேகம் மற்றவருக்குப் பொருந்தாது. ஓடுபவர் ஓடட்டும், நடப்பவர் நடக்கட்டும், கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் சேர்ந்துகொள்ளலாம். கலியாணத்துக்கு முன்பு மாலையில் மைதானத்துக்குப் போய்ப் பந்தடித்தவர் அதை முழுவதும் விட்டுவிடுவதும், நாள்தோறும் போய் இருட்டிய பின் வருவதும் ஒரே அளவுக்குச் சிக்கலைத் தருபவை. வாரத்தில் இன்ன இரண்டு மாலை என்று முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதே இரண்டு மாலைகளுக்கு ஈடாக மனைவிக்கும் தன் விருப்பத்துக்கு இரண்டு மாலைகள் வேண்டும். சேர்ந்து செய்வதற்கு மிக ஏற்றது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒழுங்கையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது. உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சீனியின் அளவை அந்தச் சிறு நடையே தணிக்கும். வீட்டில் எல்லோர் காதும் இருக்க, இருவர் மட்டும் பேசிக்கொள்ள அதைவிட்டால் வேறு இடமும் கிடைப்பதில்லை.

வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் காலை ஏழு மணிக்கு மேல் ஓடுவதைத் தவிருங்கள். கார்த்திகை பிறந்து மழையும் வெள்ளமும் வந்துவிட்டால் வெளியே போக முடியாது. அந்த மாதங்களுக்கென்று விறாந்தையிலேயே செய்யக்கூடிய தண்டால், குந்தியெழுதல், பத்து லீற்றர் தண்ணீர் வாளியைத் தூக்குதல் ஆகியவற்றைப் பழகி வைத்திருங்கள்.

எழுத்து (திருமணப் பதிவு) முடிந்து, கலியாணம் இன்னும் நடக்காமல் இருக்கும் இணைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஒருவர் கட்டாரிலும் மற்றவர் களுவாஞ்சிக்குடியிலும் இருந்தால் இரவு பன்னிரண்டு, ஒரு மணி வரை தொலைபேசி அணைவதில்லை. நேர வேறுபாடு இரண்டரை மணித்தியாலம் என்பதால் அங்கே இரவு பத்தரையாகும்போது இங்கே ஒரு மணியாகிவிடும். தூக்கம் ஏழு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் அடுத்த நாள் பசி கூடும், காலை நடை தானாகவே நின்றுவிடும். வேலை நாட்களில் பேச்சை ஒரு நேரத்தில் முடித்துவிட்டு, மறுநாள் இருவருக்கும் விடுமுறையான இரவுகளில் விருப்பம் போலப் பேசுங்கள்.

ஒருவர் உடம்பைப் பற்றி மற்றவர் சொல்லும் சொல்லில் மிகுந்த கவனம் வேண்டும். கலியாணத்துக்குப் பின் பெண்ணின் உடம்பைப் பற்றி ஊரே பேசும். மெலிந்தாலும் பேசும், தடித்தாலும் பேசும். அந்தக் கூட்டத்தில் கணவனும் சேர வேண்டாம். அவரவர் தம்மைத் தாமே அளந்துகொள்ளலாம். தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. ஓர் அளவுநாடாவும் மாதத்தில் ஒரு காலையும் போதும்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும் தம்பதியர் பட்டினி கிடந்து நிறையைக் குறைக்கும் முறைகளை அறவே விட்டுவிட வேண்டும். பெண் கருவுறுவதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாகப் புதுமணத் தம்பதியருக்கென்றே ஒரு திட்டம் நாடெங்கும் நடத்தப்படுகிறது. உங்கள் பிரிவின் குடும்ப நல உத்தியோகத்தரிடம் பெயரைக் கொடுத்தால், இருவரின் உயரமும் நிறையும் பார்க்கப்பட்டு, தேவையான ஆலோசனையும் கிடைக்கும். கணவரும் கூடப் போக வேண்டும். இது பெண்ணுக்கு மட்டுமான கிளினிக் அல்ல. குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும் நாளில் மாமியையும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். எண்ணெயையும் சீனியையும் பற்றி மகளே சொல்லத் தயங்கும் விடயங்களை அவர் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த நாள் சமையலில் அது தெரியும்.