செயலமர்வுக்கு ஆள் வரவேண்டுமென்றால்: வளாக அறிவித்தல் எழுதும் முறை

நல்ல வளவாளர் (பயிற்சி நடத்துபவர்) வந்திருப்பார், மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். மறுநாள் மூன்று துறைகளிலிருந்து "இப்படி ஒன்று நடந்ததா?" என்று கேட்பார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பயிற்சிகளில் இது அடிக்கடி நடப்பது. குறை அறிவித்தலில்தான். பிந்திப் போயிருக்கும், அல்லது கைக்கு வந்தும் தனக்குரியது என்று வாசித்தவருக்கு விளங்கியிருக்காது.

அறிவித்தல் எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். இதை வாசித்த ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவர், உங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் எடுக்காமல், இந்தக் கடதாசியை மட்டும் காட்டித் தன் துறைத்தலைவரிடம் அனுமதி கேட்க முடியுமா? முடியாதென்றால் இன்னும் எழுதி முடியவில்லை.

திகதி

அறிவித்தலுக்கு முன் திகதி சரியாக இருக்கவேண்டும். பின்னோக்கிக் கணக்கிடுங்கள். செயலமர்வு நாளுக்கு 21 நாள் முன்னர் மண்டபம், சிற்றுண்டிச் செலவு, வளவாளரின் போக்குவரத்து ஆகியவற்றுக்கான கடிதங்கள் கையெழுத்துக்குப் போயிருக்கவேண்டும். 14 நாள் முன்னர் அறிவித்தல் வெளிவரவேண்டும். பதிவு 7 நாள் முன்னர் முடியவேண்டும். நான்கு நாள் முன்னர் வெளிவரும் அறிவித்தல் மாணவருக்கு ஓரளவு போதும். கடமை மாற்றி ஆள் ஒழுங்குசெய்துவிட்டு வரவேண்டிய ஊழியருக்குப் போதாது.

நாட்காட்டியில் போயா நாளை மட்டும் பார்த்தால் காணாது. சிவராத்திரிக்கு மறுநாள் விடிய விடிய விழித்திருந்தவர்களை இருத்திப் பயிற்சி நடத்துவது வீண். நல்லூர்த் திருவிழா 25 நாள். இடைநாட்களில் நடத்தலாம், தேர், தீர்த்தத்தை விட்டுவிடுங்கள். நவராத்திரியில் பீடங்களின் வாணி விழா நாட்களை முதலே கேட்டறியுங்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதகாரர் பலர் இருப்பார்கள், மதிய உணவோடு முழுநாள் நிகழ்ச்சி வைக்கவேண்டாம். வெள்ளிக்கிழமையில் வைத்தால் உணவு சைவமாக இருக்கட்டும். ஜும்ஆத் தொழுகைக்குப் போகிறவர்களுக்காக நண்பகல் 12.00 முதல் 1.45 வரை இடைவேளை விடுங்கள்.

கிளிநொச்சியை மறக்கவே கூடாது. பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் அறிவியல்நகரில் இருக்கின்றன. அங்கிருந்து யாழ்ப்பாணத்தில் உள்ள திருநெல்வேலி வளாகத்துக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். மு.ப. 8.30க்குத் தொடங்கினால் அவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் முதல் அமர்வைத் தவறவிடுவார்கள். 10.00 மணிக்குத் தொடங்கி 3.00 மணிக்கு முடியுங்கள். பெரிய பயிற்சியென்றால் ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று இரு தடவை வையுங்கள். நிகழ்நிலையில் இணையலாம் என்று கிளிநொச்சிக்கு மட்டும் சொல்வது, இரண்டாம் பந்தியில் இருத்துவது போன்றது.

வெளிநாட்டிலிருந்து எங்கள் ஆட்கள் சூம் வழியாகப் பேசும் அமர்வுகளில் ஒரு கணக்குப் பிழைக்கும். இலங்கை நேரம் மாறாது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஆண்டுக்கு இருமுறை மாறும். எங்கள் இரவு 7.00 மணி ரொறன்ரோவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் காலை 8.30. இலண்டனில் கோடையில் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 1.30. மார்ச், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் வைப்பதானால் வளவாளரிடம் அவருடைய ஊர் நேரத்தையும் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். இலவச சூம் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், 100 பேருக்கு மேல் எடுக்காது. பல்கலைக்கழகக் கணக்கிலிருந்தே இணைப்பை உருவாக்குங்கள்.

என்ன எழுதுவது

மாதிரி ஒன்று (ஸொட்டேரோ என்பது கட்டுரைக்கான உசாத்துணைகளைச் சேமித்துப் பட்டியலிடும் மென்பொருள்):

ஸொட்டேரோ மென்பொருளில் உசாத்துணை ஒழுங்குபடுத்தல்: செய்முறைச் செயலமர்வு
யாருக்கு: ஆய்வுக்கட்டுரை எழுதும் இறுதியாண்டு மாணவர், பட்டப்பின் மாணவர், விரிவுரையாளர், நூலக உதவியாளர்
எப்போது: 2026 மார்ச் 11, புதன்கிழமை, மு.ப. 10.00 முதல் பி.ப. 3.00 வரை
எங்கே: திருநெல்வேலி வளாகம், கணினி ஆய்வுகூடம் (கட்டடம், மாடி, அறை இலக்கம்)
முடிவில் உங்களால் முடிவது: 20 உசாத்துணைகளைச் சேமித்து, வேர்ட் கோப்பில் மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலும் தானாக வரச்செய்தல், தமிழ் நூலாசிரியர் பெயர்களைப் பிழையின்றிப் பதிதல்
மொழி: விளக்கம் தமிழில், திரை ஆங்கிலத்தில்
கொண்டுவரவேண்டியவை: மடிக்கணினி, மின்னேற்றி, எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையின் கோப்பு
இடங்கள்: 25. கட்டணம் இல்லை. மதிய உணவு உண்டு.
பதிவு: மார்ச் 4, பி.ப. 4.00 வரை. தெரிவானோருக்கு மார்ச் 6 அறிவிக்கப்படும்.
சான்றிதழ்: 4 மணித்தியாலம். முழு நேரமும் இருந்தவர்களுக்கு மட்டும்.
விசாரிக்க: (பெயர், உள்ளக இலக்கம், எந்த நேரத்தில் எடுக்கலாம்)

"யாருக்கு" என்ற வரியில்தான் பெரும்பாலான அறிவித்தல்கள் தோற்கின்றன. "பல்கலைக்கழக ஊழியர்களுக்கான பயிற்சி" என்று எழுதினால், ஊழியர் என்ற சொல்லைக் கண்டதும் விரிவுரையாளர் அது கல்விசாரா ஊழியருக்கு என்று விட்டுவிடுவார். "கல்விச் சமூகத்தினர்" என்று எழுதினால் முகாமைத்துவ உதவியாளரும் ஆய்வுகூட உத்தியோகத்தரும் தங்களுக்கு இல்லை என்று நினைப்பார்கள். தற்காலிக உதவி விரிவுரையாளர் இரண்டிலும் சேர்வதா என்று தெரியாமல் நிற்பார். ஆகவே பொதுச்சொல் வேண்டாம். பதவிகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். மாணவரென்றால் எந்த ஆண்டு, எந்தப் பீடம் என்பதும் வேண்டும்.

முடிவில் என்ன செய்ய முடியும் என்ற வரியில் "விழிப்புணர்வு ஏற்படுத்தல்", "அறிவை மேம்படுத்தல்" என்று எழுதவேண்டாம். கையால் செய்து காட்டக்கூடிய ஒரு வேலையை எழுதுங்கள். மேலே தமிழ் நூலாசிரியர் பெயரைத் தனியே சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸொட்டேரோ வழக்கமாகக் குடும்பப்பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் காட்டும். தலைப்பெழுத்தோடு வரும் எங்கள் பெயரை அதற்குள் பிரித்துப் போட்டால் உசாத்துணைப் பட்டியலில் தலைகீழாக வரும். கட்டத்தின் பக்கத்திலுள்ள சிறு குறியை அழுத்தி ஒற்றைக் கட்டமாக மாற்றவேண்டும். இதில் அவதிப்பட்டவர் அந்த ஒரு வரியைப் பார்த்தே பதிவுசெய்வார்.

சான்றிதழ் மணித்தியாலத்தை அறிவித்தலிலேயே சொல்லுங்கள். தகுதிகாண் காலத்திலுள்ள விரிவுரையாளருக்கும், பதவியுயர்வுக்கு விண்ணப்பிப்பவருக்கும் சுயவிபரக் கோவையில் இடக்கூடிய சான்று தேவை. எத்தனை மணித்தியாலம் என்று இல்லாத சான்றிதழ் அங்கே எடுபடாது. ஆண்டையும் கட்டாயம் எழுதுங்கள். "மார்ச் 11" என்று மட்டும் போட்ட அறிவித்தல் வட்ஸ்அப்பில் அடுத்த ஆண்டும் சுற்றிவரும், யாராவது நம்பி வந்து பூட்டிய கதவின் முன் நிற்பார்.

பாமினியும் படமும்

அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடுவது இன்றும் வழக்கம். அந்த எழுத்துரு இருக்கும் கணினியிலும் அச்சிலும் அது அழகாகத் தெரியும். அதையே நகலெடுத்து மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும். பாமினியில் கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளையே, தமிழ் வடிவம் எழுத்துருவின் வேடம் மட்டும். புள்ளி வைத்த மெய் வரும் இடத்திலெல்லாம் அரைப்புள்ளி முளைப்பதும் அதனால்தான்.

எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டில் எழுதுங்கள். பாமினி விசைப்பலகைக்குப் பழகிய கை புதிதாகப் பழகத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் அதே விசை அமைப்பைத் தெரிந்து யுனிகோட்டில் தட்டச்சிடலாம். பழைய பாமினிக் கோப்பை யுனிகோட்டாக்கும் மாற்றி மென்பொருளில் இட்டு மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதே பந்தியில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியையும் இணைப்பையும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மென்பொருள் தமிழாக எண்ணிக் குழப்பிவிடும். அவற்றை முதலில் வெட்டி வேறாக வைத்து, மாற்றிய பிறகு ஒட்டுங்கள்.

வண்ணப் படமாக மட்டும் அனுப்பும் பழக்கத்தை விடவேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பானுக்குப் படத்திலுள்ள எழுத்து எட்டாது. இரண்டு கிழமை கழித்துத் தேடினாலும் கிடைக்காது. படத்திலுள்ள இணைப்பைத் தொட்டால் திறக்காது. கியூஆர் குறி சுவரில் ஒட்டிய தாளுக்கு நல்லது, 3 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அச்சிடுங்கள். ஆனால் கைபேசிக்கு வந்த படத்தை அதே கைபேசியின் கமராவால் பிடிக்க முடியாது. ஆகவே வட்ஸ்அப் செய்தியில் முதலில் எழுத்து, பிறகு இணைப்பு, கடைசியில் படம்.

மும்மொழியிலும் வெளியிடுங்கள். எங்கள் வளாகங்களில் சிங்கள மாணவர் கணிசமாகப் படிக்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். அதிலும் முக்கியம், திகதியும் நேரமும் மூன்றிலும் ஒன்றாக இருப்பது. திகதி மாறும்போது தமிழில் மட்டும் திருத்திவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவதுண்டு.

பதிவுப் படிவம்

எட்டுக் கேள்விக்கு மேல் வேண்டாம்: சான்றிதழில் அச்சாகவேண்டியபடியே பெயர், பதவி அல்லது கல்வியாண்டு, பீடமும் துறையும், மின்னஞ்சல், கைபேசி இலக்கம், மடிக்கணினி உண்டா, சைவமா அசைவமா, ஏதும் விசேட வசதி தேவையா. தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கவேண்டாம். தேவையில்லாத தரவைச் சேர்த்தால் அதைக் காக்கும் பொறுப்பும் வரும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வைத்திருங்கள். விண்ணப்பித்தோர் பட்டியலையும் யாரும் திறக்கக்கூடிய இணைப்பாகக் குழுக்களில் போடக்கூடாது.

பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கில் கூகுள் படிவம் செய்தால், அந்த நிறுவனத்துக்குள் உள்ளவர்கள் மட்டும் திறக்கலாம் என்ற கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருக்கக்கூடும். சொந்த ஜிமெயிலில் நுழைந்திருக்கும் மாணவருக்கு "அனுமதி இல்லை" என்றே வரும், அவர் பேசாமல் போய்விடுவார். வெளியிட முன்னர் உங்களுடையதல்லாத ஒரு கைபேசியில், பல்கலைக்கழகக் கணக்கு இல்லாமல் திறந்து பாருங்கள். கோப்பைப் பதிவேற்றும் கேள்வி வைத்தால் கூகுள் கணக்கில் நுழைந்தவர்கள் மட்டுமே நிரப்ப முடியும். 25 பேர் சேர்ந்ததும் படிவம் தானாக மூடும் என்று நம்பியிருக்கவேண்டாம், பதில் ஏற்பதை நிறுத்துவது உங்கள் பொறுப்பு. மூடாமல் காத்திருப்புப் பட்டியலாக விடுவது இன்னும் நல்லது. மூன்று நாள் முன்னர் தெரிவானவர்களிடம் "வருகிறீர்களா?" என்று கேட்டு, மறுநாள் மாலைக்குள் பதில் தராதவரின் இடத்தைப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுங்கள். இலவசப் பயிற்சியில் இதைச் செய்யாவிட்டால் வெறுங்கதிரைகள் மிஞ்சும்.

யார் வழியாக அனுப்புவது

ஒரே செய்தியை எல்லாக் குழுவிலும் தள்ளுவது வேலையை முடித்ததாகாது. ஊழியருக்கு, பீடாதிபதி, துறைத்தலைவர் ஊடாகக் கடிதம் போகவேண்டும். விடுவிப்பு அனுமதி தருபவர் அவரே. மாணவருக்கு, ஒவ்வொரு அணியின் பிரதிநிதியிடமும் நேரே கொடுத்து, குழுவில் இட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நூலக வாசலிலும் சிற்றுண்டிச்சாலையிலும் ஒட்டிய ஏ4 தாளுக்கு இன்னும் மதிப்புண்டு. நிகழ்ச்சி முடிந்த அன்றே அதைக் கழற்றிவிடுங்கள், பழைய தாள்கள் தொங்கும் பலகையை யாரும் நின்று பார்ப்பதில்லை.

வெளியிலிருந்து வரும் மாநாட்டு அழைப்புகளைப் பகிர முன்னர் நிதானியுங்கள். எல்லாத் துறைக்கும் ஒரே மாநாடு, ஒரு கிழமைக்குள் கட்டுரை ஏற்பு, உடனே டொலரில் கட்டணம் என்று இருந்தால் அது காசு பறிக்கும் வலை. பல்கலைக்கழகப் பெயரோடு நீங்கள் பகிர்ந்தால் மாணவர் நம்பிக் கட்டிவிடுவார்.

முதல்நாளும் அன்றும்

மென்பொருளை அன்று மண்டபத்தில் இறக்க விடாதீர்கள். 100 மெகாபைட் கோப்பை 30 பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் 3 கிகாபைட், வைஃபை படுத்துவிடும். மூன்று நான்கு பென்ரைவில் முன்னரே ஏற்றி வையுங்கள். புரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டு வயரும் வேண்டும். பழைய மண்டபங்களில் உருண்டை முள் பொருத்தி இருக்கும், புது மடிக்கணினிகளுக்குத் தட்டை முள். ஐந்தாறு மாற்றிகளும் நீட்டிப்பு வயரும் எடுத்துச் செல்லுங்கள். செய்முறை அமர்வில் 10 பேருக்கு ஒரு உதவியாளர் நின்றால்தான் பின்வரிசையில் சிக்கியவர் கைவிடப்படமாட்டார்.

வரவை இரண்டு தடவை, காலையிலும் மதிய உணவுக்குப் பின்னும், எடுங்கள். அந்தத் தாளிலேயே சான்றிதழுக்கான பெயரை அவரவர் கண்ணால் பார்த்துத் திருத்திக் கையொப்பமிடச் செய்தால், தலைப்பெழுத்துப் பிழையால் மறுபடி அச்சிடும் தேவை வராது. சான்றிதழையும் கோப்புகளையும் ஐந்து வேலைநாளுக்குள் அனுப்புங்கள். அந்த மின்னஞ்சலிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: எதை அடுத்த நாளே செய்து பார்த்தீர்கள், எந்த இடத்தில் நின்றுபோனீர்கள். இரண்டாவதற்கு வரும் பதில்களை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள், அடுத்த செயலமர்வின் தலைப்பு அதற்குள்ளேதான் இருக்கும்.