தமிழ்நாட்டில் திருமணமா? முதலில் பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் சிலர் தமிழ்நாட்டில் வரன் பார்த்து, திருமணத்தையும் அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கடப்பிதழ் (பாஸ்போர்ட்) மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துக் கிராணி (தோட்ட எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தானே நம் பெற்றோர் பலருக்கு! என் அக்காள் மகளின் பிறப்புப் பத்திரத்தில் அம்மா பெயர் 'லெட்சுமி'. அம்மாவின் அட்டையிலோ 'லெச்சுமி'. ஒரே ஓர் எழுத்து. இரண்டும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதி முத்திரை வாங்க அலைந்தோம்.

அடுத்தது, மணமாகாதவர் என்ற சான்று. தேசியப் பதிவிலாகாவில் வாங்கி, வெளியுறவு அமைச்சின் சான்றொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்தியாவின் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவதென்றால், இருவரில் ஒருவராவது பதிவு செய்யும் மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். மாப்பிள்ளை உள்ளூர்க்காரர் என்றால் அதில் கவலை இல்லை. ஆனால் திருமணம் செய்யப்போவதாக அறிவிப்புக் கொடுத்தபின் 30 நாள் காத்திருப்பதிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. மூன்று சாட்சிகளும் தேவை. இரண்டு வார விடுப்பில் முடிகிற காரியமா இது?

பலர் கோட்டை விடுவது ஊர் திரும்பிய பிறகுதான். முஸ்லிம் அல்லாத மலேசியர்கள் வெளிநாட்டில் மணந்தால், 6 மாதத்திற்குள் மலேசியத் தூதரகத்திலோ இங்குள்ள பதிவிலாகாவிலோ பதிய வேண்டும். தவறினால் தண்டம் கட்ட வேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பையும் கையோடு கொண்டுவாருங்கள்.