பழைய பீர் ஆலையைக் கலைக்கூடமாக்கும் முறை

டர்பனில் கைவிடப்பட்ட பீர் ஆலை ஒன்றைச் சமகாலக் கலைக்கூடமாக மாற்ற விரும்பும் நம் தமிழ்ச் சங்கங்கள், கட்டட வல்லுநரை அமர்த்தும் முன்பே ஆலையின் வயதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 60 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தை மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதியின்றி மாற்றவோ இடிக்கவோ கூடாது என்று தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு தேசிய மரபுரிமை வளச் சட்டம் கூறுகிறது. டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அப்பொறுப்பு அமாஃபா என்னும் அமைப்பினுடையது.

கூரைத் தகடுகளில் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) குளிரூட்டும் குழாய்களில் அம்மோனியாவும் எஞ்சியிருக்கலாம். இவற்றை உரிய பயிற்சி பெற்றவர்களே அகற்ற வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். பீரைப் புளிக்கவைத்த நொதிகலன்களுக்குள் காற்றைச் சோதிக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது.

என் கருத்தில், எல்லாவற்றிலும் கடினமானது ஈரம்தான். பல்லாண்டுகள் நீர் விட்டுக் கழுவப்பட்ட தரையும் செங்கற்சுவரும் உறிஞ்சிய ஈரத்துடன் டர்பனின் கடற்காற்றும் சேரும்போது பூஞ்சை படரும் என்பதால், பழைய சுவர்களைச் சிமெண்டால் மூடாமல், ஈரம் வெளியேற இடம்தரும் சுண்ணாம்புச் சாந்தையே பூசுங்கள். காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் என்னும் மங்கலான வெளிச்சமே போதுமாகையால், ஜன்னலற்ற நொதிப்பறைகளை நன்கு உலர்த்தியபின் அவற்றுக்கு ஒதுக்கலாம்.

செப்புக் கொதிகலன்களைப் பழைய உலோகமாக விற்றுவிடாதீர்கள். பிரசெல்சில் பீர் ஆலையொன்றில் 2007இல் தொடங்கிய வீல்ஸ் கலைமையம் அவற்றைப் பார்வையாளர் காணும்படி வைத்திருக்கிறது. கேப் டவுனில் 1920களின் தானியக் களஞ்சியத்தைக் குடைந்து 2017இல் திறக்கப்பட்ட சைட்ஸ் அருங்காட்சியகத்தையும் நேரில் சென்று பாருங்கள்.

பரதநாட்டியமும் இடம்பெறுமானால், கான்கிரீட் தரையின்மேல் சற்றே நெகிழும் மரத்தளம் அமைப்பது ஆடுவோரின் முழங்கால்களைக் காக்கும்.