தைப்பூச வாரத்தைத் தாங்கும் படத்தளம்: சிறு குழுக்களுக்கு ஒரு பிக்சல்ஃபெட் கையேடு

படங்களைப் பகிரும் தளத்தை நாமே நடத்த உதவும் பிக்சல்ஃபெட் மென்பொருளை ஒரு சர்வரில் நிறுவ ஒரு நாள் போதும். மூன்றாவது ஆண்டிலும் அதை ஓட வைப்பதுதான் பாடு. டிஸ்க் நிரம்பும், மின்னஞ்சல் போகாது, எல்லாப் பாஸ்வேர்டும் ஒருவரிடமே இருக்கும், அவரும் களைத்துப் போவார். சிறிய தளங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது மென்பொருளை அல்ல, ஆள் கணக்கை. பதிவுகளையும் புகார்களையும் கவனிக்கும் மட்டுறுத்துநர்கள் இரண்டு பேர் வேலை முடிந்து வந்து இரவில் அரை மணி நேரம் பார்க்க முடியும் என்றால் 60 உறுப்பினர் போதும். அதற்கு மேல் ஏற்பதற்கு முன் மூன்றாவது மட்டுறுத்துநரைத் தேடுங்கள்.

பிக்சல்ஃபெட் 2018இல் டேனியல் சூப்பர்னால்ட் தொடங்கிய திறமூல மென்பொருள். வெவ்வேறு சர்வர்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் இயங்குவதால் பினாங்கில் ஒரு குழு நடத்தும் தளத்தில் ஏறிய படத்தை வேறொரு ஊரில் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தள மென்பொருள் ஓடும் சர்வரில் இருப்பவரும் பின்தொடர்ந்து பார்க்கலாம். இதன் மறுபக்கத்தை உறுப்பினர்கள் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். வெளியே போன படத்தை நீங்கள் அழித்தால் மற்ற சர்வர்களுக்கு அழிப்புக் கோரிக்கைதான் போகும். அதை ஏற்பதும் விடுவதும் அந்தந்த சர்வரின் கையில்.

பெயரும் சர்வரும்

டொமைன் பெயரை ஒருமுறைதான் தேர்வு செய்ய முடியும். ஒவ்வொரு உறுப்பினரின் முகவரியிலும் அது ஒட்டியிருப்பதால், வெளித்தளங்களோடு பேசத் தொடங்கிய பிறகு மாற்றினால் பழைய பின்தொடர்வோர் எல்லாரும் அறுந்து போவார்கள். மலிவு என்றோ பார்க்க அழகு என்றோ ஏதோ ஒரு நாட்டின் முடிவெழுத்தை எடுக்காதீர்கள். 2023 ஜூலையில் மாலி நாட்டின் டாட் எம்எல் பெயர்களும், 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப் பெயர் ஒன்றும் பறிபோனதில் இயங்கிக்கொண்டிருந்த ஃபெடிவெர்ஸ் (இப்படி ஒன்றோடொன்று இணைந்த சர்வர்களின் வலை) தளங்கள் முகவரி இழந்தன. டாட் எம்ஒய், டாட் ஓஆர்ஜி, டாட் நெட் போதும். பெயரைப் பதிந்த கணக்கின் நுழைவு விவரம் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

60 பேருக்கு 2 கோர், 4 ஜிபி நினைவகம், 80 ஜிபி எஸ்எஸ்டி உள்ள விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதுமானது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உள்ள தரவு மையத்தில் எடுத்தால் படம் சட்டென்று திறக்கும். மாதச் செலவு 100 ரிங்கிட்டை ஒட்டி வரும். கட்டணம் டாலரில் என்றால் நாணய மாற்றத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்குங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் நடத்துவதைப் பரிந்துரைக்க மாட்டோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் இடி மின்னலும், மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரியும் பொது சர்வருக்கு ஒத்துவராது. பேக்கப் டிஸ்க்குக்கு வீடு நல்ல இடம்.

இடக் கணக்கு இப்படி: 60 பேர், ஆளுக்கு வாரம் 5 படம், சிறுபடத்தோடு சேர்த்து ஒன்றுக்கு 600 கேபி. ஆண்டுக்கு 15,600 படம், ஏறக்குறைய 9.4 ஜிபி. இது தாங்கும். வீடியோவைத் திறந்துவிட்டால் தாங்காது. ஒரு நிமிட ஃபோன் வீடியோவே நூறு படத்தின் இடத்தைத் தின்னும். ஊடக வகைகளில் ஜேபெக், பிஎன்ஜி இரண்டை மட்டும் வைத்து எம்பி4ஐ எடுத்துவிடுங்கள். ஐஃபோனிலிருந்து எச்இஐசி கோப்பு ஏறவில்லை என்று புகார் வந்தால், கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

அமைப்பில் சறுக்கும் இடங்கள்

புதிய தளத்தில் முதலில் வரும் புகார், “படம் ஏறவில்லை, 413 என்று காட்டுகிறது” என்பது. கோப்பு அளவு வரம்பைத் தாண்டியது என்பது அதன் பொருள். மூன்று இடத்தில் மூன்று வரம்புகள் இருப்பதே காரணம். கோரிக்கைகளை முதலில் வாங்கும் இணைய சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது. பிக்சல்ஃபெட் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி ஒரு கோப்புக்கு 2 எம்பி, ஒரு கோரிக்கைக்கு 8 எம்பி என்று நிற்கும். பிக்சல்ஃபெட்டின் வரம்பு கேபி கணக்கில் இருக்கும். என்ஜின்எக்ஸில் 25 எம்பி, பிஎச்பியில் கோப்புக்கு 20, கோரிக்கைக்கு 25, பிக்சல்ஃபெட்டில் 20000 என்று வையுங்கள். வெளி வரம்பு எப்போதும் உள் வரம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

அமைப்புகள் இருக்கும் டாட் என்வி கோப்பை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கான்ஃபிக் கேஷ் (அமைப்புகளின் சேமித்த நகல்) பழையதாகவே இருக்கிறது. பிக்சல்ஃபெட்டின் கட்டளைக் கருவியான ஆர்ட்டிசானில் கான்ஃபிக் கேஷ் கட்டளையை ஓட்டி, பிறகு ஹொரைசனை நிறுத்தித் தொடங்குங்கள். கியூ வேலைகளை, அதாவது பின்னணியில் வரிசையாக நடக்கும் வேலைகளை, பார்ப்பது ஹொரைசன்தான். அது நின்றால் தளம் திறக்கும், படம் ஏறும், உள்ளூரில் தெரியும், ஆனால் வெளியே யாருக்கும் போகாது. வாரக் கணக்கில் இதை யாரும் கவனிக்காமல் இருந்துவிட முடியும். லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் அது தானாக மறுதொடக்கம் ஆகும்படி அமையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய கிரானையும் (நேரம் குறித்து வேலையை ஓட்டும் கருவி) மறக்காதீர்கள். எதிலும் சேராமல் தொங்கும் படங்களைத் துடைப்பது போன்ற வேலைகள் அதன் வழியாகத்தான் நடக்கின்றன.

மின்னஞ்சலைச் சொந்த சர்வரிலிருந்து அனுப்ப முயல வேண்டாம். பல விபிஎஸ் நிறுவனங்கள் 25ஆம் போர்ட்டை மூடியே தருகின்றன. மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றை 587ஆம் போர்ட்டில் இணைத்து, அஞ்சல் நம் பெயரில்தான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை டிஎன்எஸ்ஸில் போடுங்கள். பிறகு ஜிமெயில் கணக்கு ஒன்றுக்கு அனுப்பி ஸ்பேமில் விழுகிறதா என்று பாருங்கள்.

தமிழுக்கென்று சில திருத்தங்கள் தேவை. படக்குறிப்பின் நீளத்தை மென்பொருள் யூனிகோட் குறிகளாக எண்ணும். ‘அம்மா’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, அதற்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து. இயல்பான 500 வரம்பில் தமிழ்க் குறிப்பு பாதியில் நின்றுவிடும். 1500 ஆக்குங்கள். டேட்டாபேஸ் மரியாடிபி என்றால் யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கம் கட்டாயம், இல்லையேல் குறிப்பில் ஓர் இமோஜி வந்தாலே சேமிப்பு தோல்வியடையும். ஹேஷ்டேக்கையும் சோதித்துப் பாருங்கள். யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் ‘எழுத்து’ வகையில் சேராததால், எழுத்தை மட்டும் தேடும் செயலிகளில் தமிழ் டேக் முதல் குறியிலேயே முறியும். எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்கட்டும். தைப்பூசம், தைபூசம் என்று பிரிந்தால் பாதிப் படங்கள் தேடுபவர் கண்ணில் படாது. முக்கியமான பத்து டேக்குகளை அறிமுகப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தைப்பூச வாரம்

ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கும் சர்வருக்கு உண்மையான சோதனை இந்த மூன்று நாள்தான். கோலாலம்பூரில் துன் எச்.எஸ். லீ சாலை மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு ரதம் புறப்பட்ட நேரம் முதல், பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தேங்காய் உடைத்து முடியும் வரை படங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆளுக்கு 20 படம் என்றால் 60 பேருக்கு 1,200. டிஸ்க் இதைத் தாங்கிவிடும். நினைவகம்தான் தாங்காது.

ஏன் என்றால், 5 எம்பி ஜேபெக் கோப்பு விரிக்கும்போது 5 எம்பியாக இருப்பதில்லை. 50 மெகாபிக்சல் ஃபோன் படத்தை 16 பிட் இமேஜ்மேஜிக் (படங்களைக் கையாளும் மென்பொருள்) விரித்தால் பிக்சலுக்கு 8 பைட் வீதம் 400 எம்பி. ஜிடி நூலகம் பிக்சலுக்கு 4 பைட் எடுத்தாலும் 200 எம்பி. பிஎச்பியின் இயல்பான 128 எம்பி வரம்பில் அது அடங்காது, சிறுபடம் வராமல் சாம்பல் கட்டமே நிற்கும். வரம்பைத் தாராளமாகத் திறந்துவிட்டு ஐந்து கியூ வேலையாளை ஒன்றாக ஓடவிட்டால் வேறு விபத்து: 4 ஜிபியும் தீர்ந்து, லினக்ஸ் கெர்னல் பெரிய புரோகிராம் ஒன்றைக் கொல்லும். அது டேட்டாபேஸாக இருந்தால் தளமே விழும். 4 ஜிபி இயந்திரத்தில் பட வேலைக்கு இரண்டு வேலையாள், ஒவ்வொன்றுக்கும் 512 எம்பி வரம்பு, கூடவே 2 ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்). வரிசை நீளும், படம் தோன்றத் தாமதமாகும், ஆனால் எதுவும் விழாது. 12 மெகாபிக்சல் முறையில் எடுக்கும்படி உறுப்பினர்களுக்கு முந்தின வாரமே சொல்லுங்கள். கூட்டத்தில் நெட்வொர்க் நெரிசலாக இருக்கும். பாதி ஏறி நின்ற படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புவதைவிட வீட்டுக்குப் போய் ஏற்றுவது நல்லது.

மட்டுறுத்தும் வேலையும் இந்த வாரத்தில்தான் கனக்கும். அலகு குத்திய படம் நமக்கு நேர்த்திக்கடன். விஷயம் தெரியாத ஒருவர் வேறொரு சர்வரில் அதை வன்முறைப் படம் என்று புகார் செய்வார். அங்குள்ள நிர்வாகி நம் தளத்தையே தடுத்துவிடலாம். நாவிலோ கன்னத்திலோ வேல், முதுகில் கொக்கி தெரியும் படங்களுக்கு உணர்திறன் குறியிட்டு, “தைப்பூச நேர்த்திக்கடன், அலகு காவடி” என்று ஒரு வரி சேர்ப்பதை விதியாக்குங்கள். யாரையும் தாழ்த்துவதற்காக இந்த விதி இல்லை. படம் தொலைதூரத்திலும் தங்குவதற்காக.

குழந்தைகள் விஷயத்தில் இளக்கம் கூடாது. முடியிறக்கி, ஆற்றிலோ குழாயடியிலோ குளிப்பாட்டும் குழந்தையின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏற்றக் கூடாது. உடை மாற்றும், குளிக்கும் பெரியவர்களுக்கும் இதே விதி. அருள் வந்த நிலையில் இருப்பவரால் சம்மதம் சொல்ல முடியாது. முகம் நெருக்கத்தில் தெரிந்தால், பின்னர் அவரையோ உடன் வந்த குடும்பத்தையோ கேட்டுவிட்டு ஏற்றுங்கள். படத்தில் ஜிபிஎஸ் விவரம் போகிறதா என்பதைச் சோதிக்க ஒரு வழி: இடம் பதிந்த படம் ஒன்றை ஏற்றி, தளத்திலிருந்தே திரும்ப இறக்கி, படத்தில் பதிந்த விவரங்களைக் காட்டும் எக்சிஃப்டூலில் பாருங்கள். ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள்.

யாரை உள்ளே விடுவது

திறந்த பதிவை மூடி வையுங்கள். 2024 பிப்ரவரியில் ஃபெடிவெர்ஸ் முழுக்க ஸ்பேம் அலை அடித்தபோது, கவனிப்பார் இல்லாமல் பதிவைத் திறந்து வைத்திருந்த சிறு சர்வர்களே அதற்கு வாசலாயின. சேர விரும்புகிறவர் இரண்டு வரி எழுதி, நிர்வாகி பார்த்து அனுமதிக்கும் வசதி பிக்சல்ஃபெட்டிலேயே இருக்கிறது. உச்ச உறுப்பினர் எண்ணிக்கையை 60 என்றும், ஒரு கணக்கின் இடத்தை 1 ஜிபி என்றும் அமைப்பிலேயே பூட்டுங்கள். தெரிந்தவரிடம் ‘இடமில்லை’ என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்போது இந்த எண் உதவும்.

மேம்படுத்தலைத் தள்ளிப் போடாதீர்கள். 2025 மார்ச்சில் 0.12.5 பதிப்பு அடைத்த ஓட்டை அப்படிப்பட்டது: பழைய பதிப்பு ஓடிய சர்வர்கள் வழியாக, மற்ற தளங்களில் பின்தொடர்வோருக்கு மட்டும் என்று பூட்டியிருந்த பதிவுகளும் கசிந்தன. நம் சோம்பலால் பாதிக்கப்படுவது நம் உறுப்பினர்கள் மட்டும் இல்லை.

மலேசியாவில் 2025 ஜனவரி 1 முதல் வந்த சமூக ஊடக உரிமம் 80 லட்சம் பயனர் உள்ள சேவைகளுக்கானது. 60 பேர் தளத்துக்கு அது பொருந்தாது. ஆனால் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் ஆபாசமான, மிரட்டும் பதிவுகளைக் குற்றமாக்கும் 233ஆம் பிரிவு தளத்தின் அளவு பார்ப்பதில்லை. புகார் வந்த பதிவை முதலில் மறைத்து, பிறகு பேசுங்கள். எதை, எப்போது, ஏன் மறைத்தோம் என்று ஒரு வரி குறித்து வையுங்கள். சிறார் பாலியல் படம் ஒன்று வந்துவிட்டால் அதைக் குழு அரட்டையில் ‘பாருங்கள்’ என்று அனுப்புவதும் குற்றமாகும். அணுகலை அடைத்து, கணக்கை முடக்கி, முகவரியையும் நேரத்தையும் குறித்துக் காவல் துறையிடம் கொடுங்கள்.

பேக்கப், பணம், மூடுதல்

பேக்கப்பில் நான்கு பொருள் இருக்க வேண்டும்: டேட்டாபேஸ், படக் கோப்புறை, டாட் என்வி கோப்பு, ஓஆத் சாவிகள் (செயலிகள் கணக்கில் நுழையப் பயன்படுபவை). ஒவ்வொரு உறுப்பினரின் கையொப்பச் சாவியும் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அது போனால் அதே பெயரில் தளத்தை மீண்டும் எழுப்பினாலும் பழைய கணக்குகள் அனுப்புவதை வெளி சர்வர்கள் ஏற்காமல் போகலாம். டேட்டாபேஸை இரவுதோறும், படங்களை வாரந்தோறும், சர்வருக்கு வெளியே இரண்டு இடங்களில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

ஆளுக்கு மாதம் 2 ரிங்கிட் போட்டால் செலவு அடைபடும். ஆனால் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் வாங்கினால் சண்டைக்கு விதை. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம் ஏழு பேரும் அதற்கு மேலும் சேர்ந்த அமைப்பைச் சங்கமாகப் பார்ப்பதால், ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு சங்கத்தின் கீழ் தளத்தை நடத்துவதே எளிது. வரவு செலவை மாதந்தோறும் தளத்திலேயே போடுங்கள்.

மூடும் முறையைத் திறக்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். மாஸ்டடானின் சர்வர் உடன்படிக்கை மூன்று மாத முன்னறிவிப்பைக் கேட்கிறது, நமக்கும் அதே அளவு பொருந்தும். முதல் மாதம் புதுப் பதிவை நிறுத்தி, எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வேறு தளத்துக்கு மாறினால் பின்தொடர்வோரைக் கூட்டிப் போகலாம், படங்கள் கூட வராது; அதனால் இரண்டாவது மாதம் ஒவ்வொருவரும் தம் படங்களை இறக்கிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கமில்லாத மூத்தவர்களுக்கு பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். மூன்றாவது மாதம் கணக்குகளை முறைப்படி நீக்கி, வெளி சர்வர்களுக்கு அழிப்புச் செய்தி போய்ச் சேரும்வரை ஹொரைசனை ஓடவிடுங்கள். வரிசை காலியான பிறகு சர்வரை நிறுத்தலாம். டொமைனை மட்டும் மேலும் இரண்டு ஆண்டுக்குப் புதுப்பித்து வையுங்கள். வேறொருவர் அதை வாங்கினால் நம் உறுப்பினர்களின் பழைய முகவரிகளிலேயே கணக்குத் திறக்க அவரால் முடியும்.